லிஃப்ட் இயக்கக் கருவி, மஞ்சள், ஒன்று

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது அவள் ஒரு பள்ளிச் சீருடைச் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். பட்டன் நுழையும் துளையைச் சுற்றி நூலோட்டி முடிக்கும் வேலை. கணவன் இறந்த பதினேழாம் நாளே கடைக்கு வந்துவிட்டாள். "இன்னும் கொஞ்ச நாள் வீட்டுல இருந்துட்டு வரலாமே" என்றார் கடைக்காரம்மா. "வீட்டுல இருந்து என்ன பண்ணப்போறேன்?" என்று கேட்டாள். சண்டைக்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். கடைக்காரம்மாவுக்கும் தெரியவில்லை. இருவரும் அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

"அம்மா, ஆஸ்பத்திரி ஸ்டோர்ல இருந்து பேசுறேன். புள்ளி அண்ணன் வீட்டம்மாதானே?"

"ஆமா."

"அண்ணன் கையில இருந்த ஆஸ்பத்திரிச் சாமானையெல்லாம் ஒப்படைக்கணும்மா. அலமாரிச் சாவி, யூனிஃபார்ம் ரெண்டு செட்டு, டார்ச், அடையாள அட்டை. அப்புறம் இன்னொண்ணும் இருக்கு. அதை நேர்ல சொல்றேன். மாசக் கடைசியில எனக்கு ரிடையர்மெண்ட். அதுக்குள்ள பதிவேட்டைச் சரிபண்ணி அடுத்தவர் கையில குடுக்கணும்."

அந்த இன்னொன்று என்னவென்று அவளுக்குத் தெரியும். அது அவள் வீட்டு ஃபிரிட்ஜின் மேல் இருந்தது.

அவள் கணவர் அந்த ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷம் படுக்கை லிஃப்ட் ஓட்டினார். நோயாளியைத் தள்ளுவண்டியோடு ஏற்றி இறக்கும் பெரிய லிஃப்ட். எட்டு மாடி. பழைய காலத்து இயந்திரம். கைப்பிடியைப் பிடித்துத்தான் நிறுத்த வேண்டும். கொஞ்சம் முந்தினால் லிஃப்ட் தரைக்குக் கீழே நிற்கும், கொஞ்சம் பிந்தினால் மேலே. இரண்டிலும் வண்டிச் சக்கரம் இடிக்கும், தையல் போட்ட வயிறு குலுங்கும். அவர் நிறுத்தினால் தரைக்கும் லிஃப்டுக்கும் நடுவே ஒரு கோடுதான் தெரியும். இதை யாரும் பாராட்டியதில்லை. இடித்தால்தானே யாராவது திரும்பிப் பார்ப்பார்கள்?

வீட்டில் அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. "இன்னைக்கு எப்படி?" என்றால் "மேல போச்சு, கீழ வந்துச்சு" என்பார். ஒரே ஒரு முறை, சாப்பிட்டுக் கை கழுவும்போது, "ஏறும்போது எல்லாரும் மாடி நம்பரைப் பாக்குறாங்க. எறங்கும்போது தரையைப் பாக்குறாங்க" என்றார். அவள் "ம்" என்றாள். அத்தோடு அது முடிந்தது. குழந்தை இல்லை. அதைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் எல்லாரும் பேசிக் களைத்து, எப்போதோ விட்டுவிட்டார்கள்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ அந்த லிஃப்டில் ஒரு விளையாட்டுப் பெட்டியை விட்டுவிட்டுப் போனார்கள். சின்னத் தட்டு அளவு, வட்டமாக, மஞ்சள் பிளாஸ்டிக். நடுவில் கறுப்புக் கண்ணாடி. சுவிட்சைத் தள்ளினால் கண்ணாடிக்குள் நீல நிறத்தில் சந்துபொந்தான ஒரு கட்டம் எரியும். சந்தெல்லாம் புள்ளிகள். வாய் பிளந்த ஒரு மஞ்சள் உருண்டை அந்தப் புள்ளிகளைத் தின்றுகொண்டே ஓடும். பேய்கள் துரத்தும். பெரிய கடைகளில் ஆள் உயரப் பெட்டிக்கு முன்னால் நின்று காசு போட்டு ஆடுவார்களே, அதே ஆட்டம்தான், கையடக்கமாக வந்திருந்தது. உருண்டையை நகர்த்த வலப்பக்கம் கட்டைவிரல் அளவு ஒரு பிடி.

அவர் அதைக் கொண்டுபோய் அலுவலகத்தில் கொடுத்தார். மூன்று மாதம் யாரும் கேட்டு வரவில்லை. மேலதிகாரி, "லிஃப்டுலயே கிடக்கட்டும்பா, என்னைக்காவது வந்து கேட்டா குடுத்துடு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த வருஷச் சரக்குச் சோதனைக்குப் புதிதாக ஒரு எழுத்தர் வந்தார். எண் அச்சடித்த ஒட்டுச்சீட்டுச் சுருளோடு லிஃப்டுக்குள் ஏறி, ஸ்டூலுக்கு ஒன்று, மின்விசிறிக்கு ஒன்று, மணிக்கு ஒன்று என ஒட்டிக்கொண்டே வந்தார். இவர் ஒரு கையில் மஞ்சள் பெட்டியை வைத்துக்கொண்டு மறு கையால் லிஃப்டைக் கிளப்பினார். எழுத்தர் கண்ணுக்குப் பட்டது மஞ்சள் பெட்டியும் அதிலிருந்த பிடியும்தான். "இது என்ன?" என்று கேட்டார். அதற்குள் நாலாம் மாடியில் அவசர வண்டி ஏறியது. பதில் சொல்ல நேரமில்லை. எழுத்தர் தானாகவே எழுதிக்கொண்டார்: 'லிஃப்ட் இயக்கக் கருவி, மஞ்சள், கையடக்கம் – 1.' பெட்டியின் முதுகில் சீட்டும் ஒட்டிவிட்டார்.

அன்று மாலை அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சிரித்துக்கொண்டு வந்தார். "இனிமே நான் லிஃப்டை அதாலதான் ஓட்டுறேனாம்டி." அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அதன் பிறகு வருஷம் தவறாமல் பதிவேட்டில் 'நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதப்பட்டது. பதிவேட்டில் இருக்கும் கருவி என்பதால் ஸ்டோரிலிருந்து அதற்குப் பேட்டரியும் வந்தது. ஆள் இல்லாத நேரமெல்லாம் அவர் ஸ்டூலில் உட்கார்ந்து புள்ளி தின்றார். "நம்ம ஆஸ்பத்திரியிலேயே பெரிய புள்ளி யாருன்னு நினைக்கிறீங்க? டீன் ஐயாவா? லிஃப்ட்காரர்!" என்று சிஸ்டர்கள் சிரித்தார்கள். புள்ளி அண்ணன் என்ற பேர் அப்படி ஒட்டியது.

ஆனால் பெட்டியை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. ஆஸ்பத்திரிச் சாமான் ஆஸ்பத்திரியில்தான் இருக்க வேண்டும். பத்தொன்பது வருஷமும் அவள் அதைப் பற்றிக் கேள்விப்பட்டதுதான், பார்த்ததில்லை.

போன மாதம் லிஃப்டை மூன்று நாள் நிறுத்திப் பழுது பார்த்தார்கள். உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே எடுத்துவைத்தார்கள். வராந்தாவில் கிடந்தால் யாராவது தூக்கிப் போய்விடுவார்கள் என்று அவர் மஞ்சள் பெட்டியைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துவந்தார். இரண்டாம் நாள் பிற்பகல், நாற்காலியில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார். அவள் சமையலறையில் டீ வைத்துக்கொண்டிருந்தாள். பேய் பிடித்துவிட்டால் அந்தப் பெட்டி படியிறங்குவதுபோல ஒரு சத்தம் போடும். உடனே அவர் மறுபடி தொடங்குவார். அன்று இறங்கும் சத்தம் கேட்டது. தொடங்கும் சத்தம் கேட்கவில்லை. அவள் டீயை வடிகட்டினாள். இன்னும் கேட்கவில்லை. தம்ளரை எடுத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். லிஃப்ட் ஓடவில்லை. ஆனால் மேல் மாடிக்குக் கொண்டுபோகும் தேவையும் இருக்கவில்லை. கீழேயே பார்த்துச் சொல்லிவிட்டார்கள்.

அவள் அழவில்லை. அழுகையை அடக்கினாள் என்று சிலர் சொன்னார்கள். அடக்குவதற்கு ஏதாவது இருந்திருக்க வேண்டுமே. தண்ணீர் நின்றுபோன குழாயைத் திறந்து வைத்ததுபோல இருந்தாள். அவருடைய தங்கை, அவளுடைய நாத்தனார், நேராகவே கேட்டாள்: "கல்லா நிக்கிறியே அண்ணி, ஒரு தடவை வாய்விட்டு அழுதாத்தான் என்ன?" பேச்சுக்கு வரி போட்டால் சொத்தையே விற்க வேண்டியிருக்கும் என்று அண்ணனே கேலி செய்த தங்கை அவள். இவள், "வரலியே" என்றாள். வராத பஸ்ஸைப் பற்றிச் சொல்வதுபோல.

வேலை முடிந்து வந்ததும் மாலையில் அந்தப் பெட்டியை எடுத்து மடியில் வைத்து ஆடுவாள். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆட்டத்தில் ஒரு நிமிஷம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. முதல் நான்கு நாள் பெட்டி கெட்டுவிட்டது என்றே நினைத்தாள். உருண்டை சில சந்துகளில் ஓடினாலும் புள்ளி குறையவே இல்லை. ஐந்தாம் நாள்தான் புரிந்தது. உருண்டையின் வாய் எப்போதும் இடப்பக்கம் பார்த்தே இருந்தது. அது மறுபக்கம் திரும்பாதபடிதான் பெட்டியைச் செய்திருந்தார்கள். இடப்பக்கம் போனால்தான் தின்னும். வலப்பக்கம் போவதெல்லாம் வெறும் ஓட்டம். பேய் துரத்தத் துரத்தக் காலி வயிற்றோடு அந்தக் கோடிக்குப் போய், திரும்பி வரும்போது தின்றுகொண்டே வர வேண்டும். இந்த ஒரு விஷயத்தைப் பத்தொன்பது வருஷத்தில் அவர் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. அவருடைய வலது கட்டைவிரலில் காய்த்துக் கிடந்த தோலை லிஃப்ட் கைப்பிடியால் வந்தது என்று நினைத்து எத்தனையோ இரவு எண்ணெய் தடவியிருக்கிறாள். அது இந்தப் பிடியால் வந்தது. இப்போது அவள் விரலிலும் அதே இடம் சிவந்திருந்தது.

அதனால்தான் அதைக் கொடுக்க அவளுக்கு மனமில்லை. அவர் சட்டையை அவர் அக்காள் மகனுக்குக் கொடுத்தாள், கடிகாரத்தை நாத்தனாருக்கு, சைக்கிளைப் பக்கத்து வீட்டுக்கு. எதைக் கொடுக்கும்போதும் கை ஒன்றும் சொல்லவில்லை. இதை மட்டும் கொடுக்கக் கூடாது என்று கை சொன்னது.

சாமான்களை ஒப்படைக்கப் போன அன்று நாத்தனாரும் கூட வந்தாள். "வீட்டுலயே விட்டுட்டு வா அண்ணி, தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிக்கலாம்" என்று பஸ்ஸில் நாலு தடவை சொன்னாள். இவள் மடியில் துணிப்பை இருந்தது. அதில் பெட்டியும் இருந்தது. ஆஸ்பத்திரிச் சாமானைத் தொலைந்தது என்று அவர் சொல்லியிருக்க மாட்டார்.

ஸ்டோர் நிலவறையில் இருந்தது. ஃபினாயில் டின்கள், கழன்ற வண்டிச் சக்கரங்கள், சுருட்டி வைத்த மெத்தைகள், அடுக்கடுக்காக எஃகுத் தட்டுகள். ஸ்டோர்காரர் மூக்குக்கண்ணாடியின் ஒரு காலை நூலால் கட்டியிருந்தார். சாவி, சீருடை, டார்ச், அட்டை என ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் அடித்தார். பிறகு பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"இன்னொண்ணு..."

அவள் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். "இதை நான் வச்சுக்கலாமா?"

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆனா நான் போனதும் வர்றவன் எண்ணுவான். ஒண்ணு குறையுதே எங்கேன்னு கேப்பான்."

"காணோம்னு எழுதுங்க" என்றாள் நாத்தனார்.

"எழுதலாம். லிஃப்ட் ஓட்டற கருவியைக் காணோம்னு ஆகும். விசாரணை வைப்பாங்க. அது இல்லாம லிஃப்ட் எப்படி ஓடுதுன்னு கேப்பாங்க."

"அப்போ அது கருவி இல்ல, விளையாட்டுச் சாமான்னு உண்மையை எழுதுங்களேன்."

"விளையாட்டுச் சாமானுக்குப் பத்தொன்பது வருஷம் எதுக்குய்யா பேட்டரி குடுத்தேன்னு கேப்பாங்க."

"எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்கீங்களே!"

"முப்பத்தோரு வருஷமா இதே நாற்காலிம்மா."

ஒரே ஒரு வழி இருக்கிறது என்றார் அவர். பழுதான சாமானைக் கழித்துக்கட்டலாம். கழித்ததை யார் வேண்டுமானாலும் எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வாசலைத் தாண்ட அவரே சீட்டுப் போட்டுத் தருவார். ஆனால் அவர் சோதித்துப் பார்த்து, ஓடவில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும்.

"சும்மா போடுங்களேன், யார் பாக்கப் போறாங்க?"

"என் கையெழுத்துல இதுவரைக்கும் பொய் கிடையாதும்மா."

"ஆமாமா. லிஃப்ட் கருவி நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு பத்தொன்பது வருஷமா எழுதினது?"

"நல்ல நிலையில இருக்குன்னுதான் எழுதினேன்" என்றார் ஸ்டோர்காரர், கொஞ்சம் புண்பட்டு. "நல்ல நிலையிலதானே இருந்துச்சு?"

அவர் சுவிட்சைத் தள்ளினார். நீலக் கட்டம் எரிந்தது. தொடக்கப் பாட்டு அந்த நிலவறையில் வீட்டில் கேட்பதைவிடப் பெரிதாகக் கேட்டது.

"ஓடுதே" என்றார் அவர். அணைத்தார். கொஞ்ச நேரம் சக்கரக் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் தண்ணி குடிச்சுட்டு வர்றேன். கேன் வராந்தா அந்தக் கடைசியில இருக்கு. எனக்கு முட்டி வலி வேற. மெதுவாத்தான் வருவேன்."

அவர் செருப்புச் சத்தம் தேய்ந்து தேய்ந்து தூரமாகப் போனது.

"புரிஞ்சுதா அண்ணி? கீழ போடு. ஒரே போடு. உன்னால முடியலன்னா குடு, நான் போடறேன்."

"உடைஞ்சுடும்."

"உடையத்தானே போடறது!"

அவள் பெட்டியைக் கவிழ்த்தாள். பேட்டரி மூடியை நகத்தால் நெம்பித் திறந்தாள். பேட்டரிகளுக்குப் பக்கத்தில், சுருள்கம்பியிலிருந்து உள்ளே போகும் ஒரு சிவப்பு ஒயர் தெரிந்தது. தினமும் துளையோரத்து நூலை ஒட்ட நறுக்குகிற கண் அவளுடையது. எங்கே வெட்டினால் எது பிரியும், எது பிரியாது என்று பார்த்துக்கொண்டாள். கைப்பையிலிருந்து நூல் வெட்டும் குட்டிக் கத்தரியை எடுத்தாள்.

பிறகு பெட்டியை நிமிர்த்தி மடியில் வைத்து, சுவிட்சைத் தள்ளினாள்.

"என்ன அண்ணி இது? இப்பப் போயி விளையாடுற? அந்த ஆளு வந்துடுவாரு!"

அவள் உருண்டையை வலப்பக்கம் ஓட்டினாள். காலியாக ஓடியது. ஒரு பேய் மேலேயிருந்து இறங்கியது. கோடியில் திருப்பி, கீழ்ச்சந்தில் விட்டு, இடப்பக்கம் வந்தாள். புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பேய் பின்னாலேயே வந்தது. இன்னொன்று எதிர்ப்பக்கம் தோன்றியது. நடுச்சந்தில் ஏறினாள். மறுபடி வலம், மறுபடி காலி. நாத்தனார் குனிந்து பார்க்கத் தொடங்கியிருந்தாள். "அங்க போகாத, அங்க போகாத. ஐயோ, பின்னாடி!" என்றாள். கீழ்க்கோடியின் நீண்ட சந்துக்கு வந்தபோது உருண்டை இடப்பக்கம் பார்த்து, தின்றுகொண்டே, தானாக ஓடியது. அந்தச் சந்தில் பிடியைத் தொட வேண்டியதில்லை. பேய் இரண்டு கட்டம் பின்னால் இருந்தது. அவள் கத்தரியை அடியில் கொடுத்து ஒயரை வெட்டினாள்.

கண்ணாடி கறுத்தது. இறங்கும் சத்தம் வரவில்லை.

"முடிஞ்சுதா?" என்று நாத்தனார் மெதுவாகக் கேட்டாள். அவள் குரல் அவ்வளவு மெதுவாக ஒலிக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது.

இவள் மூடியைப் போட்டுப் பெட்டியை மேசைமேல் வைத்தாள். ஸ்டோர்காரர் திரும்பி வந்து சுவிட்சைத் தள்ளிப் பார்த்தார். எரியவில்லை. அவர் அத்தோடு விடவில்லை; அலமாரியிலிருந்து புதுப் பேட்டரிகளை எடுத்து, மூடியைத் திறந்து மாற்றிப் போட்டார். திறந்தபோது வெட்டுப்பட்ட ஒயரைப் பார்த்திருப்பார். பார்க்காமல் இருக்க முடியாது. மறுபடி தள்ளினார். எரியவில்லை. புதுப் பேட்டரிகளைக் கழற்றிப் பத்திரமாக அலமாரியில் திரும்ப வைத்தார். பழையதை அவளிடம் கொடுத்தார். பதிவேட்டைத் திருப்பி, பத்தொன்பது 'நல்ல நிலையில் உள்ளது'க்குக் கீழே, 'பழுது. இயங்கவில்லை. கழிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பெட்டியின் முதுகில் இருந்த எண் சீட்டைக் கத்தியால் சுரண்டி எடுத்தார்.

"கடைசி வரைக்கும் அண்ணன் நல்லாத்தான் வச்சிருந்தாரு" என்றார். எதைச் சொன்னார் என்று அவள் கேட்கவில்லை.

வாசலில் காவலாளி சீட்டை வாங்கி ஒருமுறை படித்தார், பையைத் திறந்து பார்த்தார். "ஓடுதா?"

இத்தனை நாளும் துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாருக்கும் அவள் தலையாட்டியே பதில் சொல்லியிருந்தாள். காவலாளி சீட்டையே பார்த்துக்கொண்டிருந்ததால் தலையாட்டினால் தெரியாது.

"இல்ல" என்றாள். "ஓடல."

"அப்ப எடுத்துட்டுப் போங்க."

பஸ்ஸில் நாத்தனார் ஒன்றும் பேசவில்லை. இறங்கும் இடம் வந்ததும்தான், "ஒரு ஒயருதானே அண்ணி. ரேடியோ ரிப்பேர்காரர்கிட்ட குடுத்தா ஒட்டித் தந்துடப் போறாரு. நீ கில்லாடிதான்" என்றாள். அவள் கண் சிவந்திருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் ரிப்பேர் கடைக்குப் போனாள். கடைக்காரர் நாலு திருகையும் கழற்றி, பின்பக்கத்தைத் திறந்து பார்த்தார்.

"ஒயர் அறுந்திருக்கு. அறுந்ததுன்னும் சொல்ல முடியாது, யாரோ வெட்டியிருக்காங்க. மத்ததெல்லாம் புதுசாட்டம் இருக்கு. உக்காருங்கம்மா, அஞ்சு நிமிஷ வேலை."

பற்றவைக்கும் கம்பியை மின்சாரத்தில் செருகினார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கடை முழுக்கத் திறந்து போட்ட ரேடியோக்கள். கம்பியின் நுனி சூடாகி, ஈயத்தைத் தொட்டதும் ஒரு கீற்றுப் புகை எழுந்தது. அவர் ஒயரின் இரண்டு முனைகளையும் சுரண்டி, ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்தார்.

"வேண்டாம்" என்றாள்.

"என்னம்மா?"

"இப்ப வேண்டாம். அப்புறம் கொண்டுவர்றேன்."

"சூடாயிடுச்சேம்மா. வெச்சு எடுத்தா முடிஞ்சுது. தள்ளினா மொதல்ல இருந்து ஓட ஆரம்பிச்சுடும்."

"தெரியும்." கறுத்த கண்ணாடிக்குள் பேய் இன்னும் இரண்டு கட்டம் பின்னால்தான் இருந்தது.

அவர் அவளையும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்புறம்னா எப்போ? நாளைக்கா?"

அவள் யோசித்தாள். நாளை, அடுத்த வாரம், மாதக் கடைசி என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். எதிலும் ஒன்றும் தென்படவில்லை.

"தெரியல" என்றாள்.

அவர் கம்பியை அணைத்தார். நாலு திருகையும் அவர் ஒவ்வொன்றாகத் திரும்ப முடுக்கும்வரை நின்று, பெட்டியை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.